முதுகு காட்டி நின்றவருக்கும் பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சிரிப்புக் குறும்படங்களின் பிழைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், த்ரீ ஸ்டூஜஸ் என்ற அமெரிக்க நகைச்சுவை மூவரின் படங்கள் சிலவற்றில், அவர்களில் ஒருவரான ஷெம்ப் திடீரென வேறு ஆளாகிவிடுவதைச் சுட்டி, "எடுத்தவர்களுக்குக் கண் இல்லையா?" என்று கேட்டிருந்த வரி என்னை மிகவும் வருத்தியது.

ஷெம்ப் ஹோவர்ட் 1955 நவம்பரில் இறந்துபோனதைத் தாங்கள் அறிவீர்கள். கொலம்பியா பட நிறுவனத்துக்கு அந்த மூவர் குழு முடித்துத் தர வேண்டிய படங்களில் நான்கு பாக்கி இருந்ததால், பழைய படங்களின் காட்சிகளை வெட்டி ஒட்டி, இடையிடையே ஜோ பால்மா என்ற துணை நடிகரை முதுகு காட்டியும் முகம் மறைத்தும் நிற்கவைத்து எடுத்து, 1956இல் வெளியிட்டார்கள். அந்த முதுகுக்கு எதிரே நின்று கோமாளித்தனம் செய்த மோ, மூவரில் இன்னொருவர்; ஷெம்ப்பின் உடன்பிறந்த தம்பி. இதைக் கண் இல்லாதவர்கள் செய்த வேலை என்று எப்படி எழுத மனம் வந்தது?

கோடம்பாக்கத்தில் பதினோரு ஆண்டுகள் எடிட்டிங் உதவியாளனாக மூவியோலா என்ற படத்தொகுப்பு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவன் நான். நகைச்சுவை நடிகர் ஒருவர் பாதிப் படத்தில் காலமானபோது, அவருடைய சட்டையையே டூப்புக்கு மாட்டி, தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த ஷாட்டுகளை ஒட்டினோம். ஒரு ஷாட்டில் முழுக்கை, அடுத்ததில் மடித்த கை. அறையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தோம்; திரும்ப எடுக்க அவர் இல்லை.

இதே பகுதியில் முன்பொரு முறை, மௌனப் பட நகைச்சுவை நடிகர் ஹெரால்ட் லாய்டின் வலது கை படத்துக்குப் படம் வேறாகத் தெரிவதும் பிழையாக்கப்பட்டது. 1919 ஆகஸ்டில், புகைப்படத்துக்காகப் போலி என்று நம்பிக் கையில் பிடித்த குண்டு வெடித்து, அவர் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் இழந்தார். பாதியில் நின்ற 'ஹாண்டட் ஸ்பூக்ஸ்' படத்தைக் குணமான பிறகு வந்து முடித்தார். அதன்பின் அந்தக் குறையை மறைக்கும் தனிக் கையுறையோடுதான் நடித்தார். அன்றே இதை விளக்கி நான்கு பக்கம் எழுதினேன். ஒரு வரியும் அச்சாகவில்லை. கையால் சுழற்றிக் குறைந்த வேகத்தில் எடுத்த மௌனப் படங்களை வினாடிக்கு 24 பிரேம்கள் ஓடும் பேசும்பட வேகத்தில் போட்டுக் காட்டிவிட்டு, நடிகர்கள் பதறி ஓடுவதாகக் குறை சொன்னதற்கும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை.

அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது, ஷெம்ப்புக்குப் பதிலாக முதுகு காட்டி நின்றவர் ஜோ பால்மா என்பதையும் ஏன் நின்றார் என்பதையும் இரண்டு வரியில் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
சென்னை