அம்மாவுக்காக வந்தவர்களுக்கு

எங்கள் அம்மா, ஐந்து பேரப் பிள்ளைகளின் பாட்டி, போன மாதம் எங்களை விட்டுப் போனார். வயது 81. வீடு வீடாக வந்து நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்த இரண்டு மூன்று நாட்களில் யார் வந்தார்கள், யார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம் என்பதே எங்களுக்குச் சரியாக நினைவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய தையல் மெஷினையும் தெரியும். அப்பா இறந்த பிறகு அதை மிதித்துத்தான் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். ராத்திரி அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியதால், சத்தம் நின்றால் எங்களுக்கு விழிப்பு வந்துவிடும். கண்ணில் புரை விழுந்ததும் ஊசியில் நூல் கோக்கும் வேலை பேத்தியிடம் போனது. பள்ளிக்குக் கிளம்புமுன் பத்து ஊசிகளில் நூல் கோத்து, பழைய துணி ஒன்றில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவாள். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குப் பார்வை தெளிவாகிவிட்டது. சின்னவளுக்குத்தான் வருத்தம். ஒரு வாரம் பார்த்தார் அம்மா. அப்புறம், "எனக்கு என்னவோ இன்னும் மங்கலாகத்தான் இருக்கு, நீயே கோத்துக் கொடு" என்றார். அது பொய் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவளைத் தவிர.

பக்கவாதம் வந்து கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். ராத்திரியில் பார்த்துக்கொள்ள வந்த அக்காவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அலாரம் வைத்து எழுந்து, அம்மாவை இடமும் வலமும் திருப்பிப் படுக்க வைப்பார். முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. பகலில் நாங்கள்தான் ஒன்றிரண்டு முறை மறந்து, அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறோம். வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும் மருந்துக் கடைத் தம்பிக்கும் நன்றி. ஒரு நாள் ஓரிடத்தில் ஸ்ட்ரெச்சரோடு எங்களை வாசலிலேயே காக்க வைத்தார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம். ஆனால் கிளம்பிப் போயிருக்கக் கூடிய ஆம்புலன்ஸ் டிரைவர், உள்ளே இடம் கிடைக்கும்வரை எங்களோடு நின்றார். அவருடைய பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மா போனது விடியற்காலை மூன்று மணி சுமாருக்கு. கண் தானம் செய்ய வேண்டும் என்று அவர் சொல்லி வைத்திருந்தது, அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நினைவுபடுத்தியது பக்கத்து வீட்டு அண்ணன். சர்க்கரை இருந்ததே, புரை ஆபரேஷனும் ஆனதே, எடுப்பார்களா என்று இழுத்தோம். அவரே கண் வங்கிக்குப் போன் போட்டார். "அதெல்லாம் தடையில்லை, ஆனால் 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும்" என்றார்கள். ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலையணையால் தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொன்னார்கள். வந்த இருவரும் அரை மணிக்குள் வேலையை முடித்துவிட்டார்கள். முகம் கெட்டுவிடும் என்று பயந்து அழுத பெரியம்மா, பிறகு அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "தூங்குற மாதிரிதான் இருக்கா" என்றார். கருவிழிகள் யாருக்குப் போயின என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் முறை. அந்த அண்ணனுக்கும், இருட்டோடு இருட்டாகக் கிளம்பி வந்த அந்த இருவருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

தூரத்தில் இருந்து போன் செய்தவர்கள், போனில் பேச முடியாமல் அழுதவர்கள், நாற்காலி தூக்கிப் போட்ட பையன்கள், பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் தூங்க வைத்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் மன்னிக்கவும்.

அப்புறம் ஒன்று. நீங்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களில் மூன்று யாருடையவை என்று தெரியவில்லை. அம்மாவிடம் தைக்கக் கொடுத்த துணிகளும் ஒரு பையில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் அளவுச் சீட்டு குத்தியிருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டை மட்டும் நாங்கள் வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிள்ளைகள், மருமக்கள், பேரப் பிள்ளைகள்