சேவல் வாங்கின கதை

சத்துவாச்சாரி,
வெள்ளி இரவு.

அன்புள்ள தேவா,

ஸ்தோத்திரம். ஏழு மாசமாக ஒரு வரி எழுதவில்லை. போனிலும் "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். உன் முட்டிவலி தேவலையா? பாலாற்றில் நாலு நாள் தண்ணீர் ஓடியது. ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. இப்போது பழையபடி மணல்தான். 'நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை' என்று வேலூரைப் பற்றி ஊரார் அடுக்குவதோடு 'மார்க்கில்லாப் பையன்' என்று என்னையும் கோத்துவிடுவாயே, இனி 'மானமில்லாக் கிழவன்' என்று மாற்றிக்கொள்.

நான் ஒரு சேவல் வாங்கியிருக்கிறேன். 7,200 ரூபாய்க்கு.

சிரிக்காதே. சபையில் அறுப்பின் பண்டிகை, காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலம். முதலில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஒரு கூடை வந்தது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கினாலும் வாங்கியது, அதற்கு வந்த கிராக்கியைப் பார்க்க வேண்டுமே! கூடையை நம் சிநேகிதன் நெட்டையன் எடுத்தான். வாழைத்தாரையும் அவனே எடுத்தான். ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் கைதட்ட, சபைப் போதகர் ஐயர் அவன் பெயரை மைக்கில் சொல்ல, எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது. அடுத்து சேவல். அவன் 500 என்றான், நான் 600 என்றேன். ஆயிரத்தைத் தாண்டியதும் அவன் சிரித்துக்கொண்டே கேட்டான், நான் சிரிக்கவில்லை. 7,000 என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் 7,200 என்றேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுக்கொடுத்தான். கர்த்தருக்கென்று கொடுத்த பணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு ரூபாய்கூடக் கர்த்தருக்குப் போகவில்லை, எனக்குத் தெரியும். வீட்டில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சேவலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இது சேவலோடு போயிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

நெட்டையன் மகள் சி.எம்.சி.யில் டாக்டருக்குப் படிக்கிறாள் அல்லவா. போன மாசம் ஒரு பேப்பரில் போய்விட்டது என்று கோயில் வாசலில் யாரோ சொன்னார்கள். "ஐயோ பாவம்" என்றது வாய். அதே நொடியில் உள்ளே வெல்லம் கரைந்த மாதிரி ஓர் இனிப்பு. தேவா, அந்தப் பிள்ளைக்கு நான் ஞானத்தகப்பன். அவளைக் கையில் ஏந்தி, ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று வாக்குக் கொடுத்தவன். நீயும் பக்கத்தில் நின்றாய்.

என் மகளுக்கு அந்த சீட் கிடைக்காமல் போனதுதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. அவள் காட்பாடியில் மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். நான்தான் அவளைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் இன்னொரு பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி அளந்துகொண்டிருந்தேன்.

வேதத்தில் வரும் சவுல் ராஜாவை நினைத்துப் பார். கையில் ஜெயம், தலையில் கிரீடம். 'சவுல் கொன்றது ஆயிரம்' என்று பெண்கள் பாட்டில் அவனுக்கும் ஆயிரம் கொடுத்தார்கள். ஆயிரம் என்ன குறைச்சலா? தாவீதுக்குப் பதினாயிரம் என்று காதில் விழுந்த பிறகுதான் அது குறைச்சலாயிற்று. அப்புறம் தன்னிடம் இருந்தது எதுவும் அவன் கண்ணில் படவே இல்லை, தாவீதின் மேல் எறிய ஈட்டிதான் பட்டது. எனக்கும் அப்படித்தான். திருவிருந்துக்கு நெட்டையன் பக்கத்தில் முழங்கால் போட்டால், அவன் எவ்வளவு நேரம் தலை குனிந்திருக்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்க்கிறேன். அப்பத்தை வாயில் வைத்துக்கொண்டு! இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அவன் ஆராதனைக்குத் தாமதமாக வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஜெபம் அமோகமாக இருக்கும். 'நான் மற்றவர்களைப்போல இல்லை, ஸ்தோத்திரம்' என்று பரிசேயன் ஆலயத்தில் ஜெபித்தானே, அதே ஜெபம்தான்.

இந்தச் சேவல் விடியற்காலை மூணு மணிக்கே கூவுகிறது. கூவினால் எனக்குப் பேதுரு ஞாபகம். சேவல் கூவுமுன் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்ததைச் சொல்லவில்லை, அதற்குப் பிறகு நடந்தது. கடற்கரையில் கரிநெருப்பு, மீன், காலைச் சாப்பாடு. மூன்று தரம் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டு ஆண்டவர் அவனை ஏற்றுக்கொண்டாயிற்று. மீன் வாசனை கையிலிருந்து போயிருக்காது, அதற்குள் திரும்பி யோவானைப் பார்த்து "ஆண்டவரே, இவன் காரியம் என்ன" என்கிறான்! மன்னிப்பு வாங்கின சூடு ஆறுவதற்குள். அதற்கு ஆண்டவர், நீ பெரியவன் என்றோ அவன் பெரியவன் என்றோ சொல்லவில்லை. "உனக்கென்ன" என்றார். எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பேன்! அப்போதெல்லாம் கடிந்துகொள்கிறார் என்று நினைத்தேன். இப்போது, என் முகத்தைக் கையால் பிடித்துத் தன் பக்கம் திருப்புகிற மாதிரி இருக்கிறது.

நேற்று சாயங்காலம் நெட்டையன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகத்தான் போனேன். பிள்ளையே காபி கொண்டுவந்து கொடுத்து, "மாமா, அந்தப் பேப்பரைத் திரும்ப எழுதப்போகிறேன், ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள்" என்றாள். வாயடைத்துப் போயிற்று. சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நெட்டையனிடம் பாதிகூடச் சொல்லவில்லை. வாசல்வரை வந்தவன், "சேவல் எப்படிடா இருக்கு?" என்று கேட்டான், பாவி.

கிறிஸ்துமஸுக்கு அதைக் குழம்பு வைக்கலாம் என்கிறாள் வீட்டில். எனக்கு மனசு வரவில்லை. நீ டிசம்பரில் வருகிறாயா இல்லையா என்று ஒரு வரி எழுது. வந்தால் மூன்று பேருமாக உட்கார்ந்து அதன் தலைவிதியை முடிவு செய்வோம்.

உன்,
ஜெயசீலன்