தண்ணீரைப் பங்கிடும் ஜாதிலுவி கிராமம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறந்தாலே கடைமடைக்கு வரவில்லை என்ற செய்தியும் பின்னாடியே வந்துவிடுகிறது. இந்த நேரத்தில் இந்தோனேசியாவின் பாலித் தீவில், பத்துகாரு மலைச்சரிவில் இருக்கும் ஜாதிலுவி என்ற சிறு கிராமத்தைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும். மலையைப் படிப்படியாக வெட்டி நெல் விளைவிக்கும் ஊர், செந்நெல்லுக்குப் பேர் போனது. அங்கே ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் எல்லாம் சேர்ந்தது 'சுபக்' என்னும் சபை. யார் எப்போது நடுவது, எப்போது வயலைக் காயப்போடுவது என்று தண்ணீர்க் கோயிலில் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். ஒரு பகுதி முழுக்க ஒரே சமயத்தில் அறுத்துக் காயப்போடுவதால் எலிக்கும் புகையான் பூச்சிக்கும் தீனி கிடைக்காமல் போகிறது. 1970களில் அரசு இந்த முறையை ஒதுக்கிவிட்டு, அவரவர் முடிந்தபோதெல்லாம் நடுங்கள் என்று சொன்னதும் பூச்சி பெருகி விளைச்சல் நாசமானது, அப்புறம் பழைய முறைக்கே திரும்பினார்கள். 2012இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது.

காலிங்கராயன் வாய்க்கால் வெட்டிய மண் நம்முடையது. நம் ஊரிலும் பாசன சபைகள் இருக்கின்றன, ஆனால் தண்ணீர் திறப்புத் தேதியோடு பேச்சு நின்றுவிடுகிறது, நடவுத் தேதியை யாரும் பேசுவதில்லை. அடுத்த திறப்புக்கு முன்பே தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் பேச சபைகள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்