பெயர் அவருடையது, பட்டா வேறொருவருடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 27 ஆண்டுகளாக அச்சகம் நடத்துகிறேன். புரூஃப் பார்க்க வருபவர்கள் தொலைபேசி எண்ணை மூன்று முறை சரிபார்ப்பார்கள். இணைய முகவரியை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

மண்ணடியில் அப்பளம் போட்டு விற்கும் ஓர் அம்மா 5,000 கவர் அடிக்கக் கொடுத்தார். முகவரியில் முதலில் அவருடைய கடைப் பெயர், ஒரு புள்ளி, பிறகு வேறொரு நிறுவனத்தின் பெயர், கடைசியில் டாட் காம். "இது உங்கள் சொந்த முகவரி இல்லையேம்மா" என்றேன். "என் பெயர்தானே அண்ணே முன்னால் இருக்கிறது?" என்றார். அதற்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய் கட்டியிருந்தார். மறு ஆண்டு 15,000 கேட்டார்கள், மறுத்துவிட்டார். அடுத்த வாரமே அந்த முகவரியைத் தட்டினால் வேறொருவரின் அப்பளக் கடை வந்து நின்றது. மிச்சக் கவர்களில் அந்த ஒரு வரியை மறைக்க ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தேன். அவரும் மகளும் என் கடை வாசலில் உட்கார்ந்து இருட்டும்வரை ஒட்டினார்கள்.

அவருக்கு விற்கப்பட்டது சப்டொமைன், அதாவது இன்னொருவரின் இணைய முகவரிக்குள் ஒரு கிளைப் பெயர். மனை என்று நினைத்து உள்வாடகைக்குப் போயிருக்கிறார். டாட் காமை ஒட்டி முன்னால் நிற்கும் பெயர் யாருடையதோ, உரிமை அவருக்கே. அதற்கு இடப்பக்கம் அவர் ஆயிரம் பெயர்களை வைக்கலாம், நீக்கலாம். பதிவுக் கட்டணமாகக் கூடுதலாக ஒரு காசும் கட்ட வேண்டாம். டாட் இன் என்று முடியும் சொந்தப் பெயரையோ ஆயிரம் ரூபாய்க்குள் ஓராண்டுக்குப் பதிந்துகொள்ளலாம். சப்டொமைனே கூடாது என்று சொல்லவில்லை. பிளாக்ஸ்பாட் என்ற வலைப்பதிவுத் தளத்தில் இலவசமாகக் குடியேறி எத்தனையோ பேர் தமிழில் எழுதினார்கள். அவர்களுக்கு அது அடுத்தவர் வீடு என்று தெரியும்.

மோசடிக்காரர்களுக்கும் இதே அறியாமைதான் முதலீடு. வங்கியின் பெயரை முகவரியின் தொடக்கத்தில் வைத்தால் போதும், நம் கண் அதைத் தாண்டிப் போகாது. வங்கிகள் 31.10.2025-க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதும் இதனால்தான். அந்த வாலைப் பார்க்க வேண்டும் என்று வாடிக்கையாளருக்கு யார் சொன்னார்கள்?

முகவரி விற்பவர்கள், அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை ரசீதிலேயே எழுதித்தர வேண்டும். மாவட்டத் தொழில் மையப் பயிற்சிகளில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

இப்போதெல்லாம் புரூஃபில் டாட் காமை ஒட்டி நிற்கும் பெயரைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இது யார்?" என்று கேட்ட பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது.

இப்படிக்கு,
ஓர் அச்சக உரிமையாளர்,
ஆண்டர்சன் தெரு, சென்னை-1