நோடு கிட்டின் அடாப்டர் பற்றிய புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: அடாப்டர் கோளாறால் பிட்காயின் நோடு இரண்டு முறை கெட்டது – மாற்று அடாப்டர் கோருதல்.

வணக்கம்.

பிட்காயின் பரிவர்த்தனைகள் முழுவதையும் வீட்டிலேயே வைத்துச் சரிபார்க்கும் சின்னக் கணினிதான் நோடு. அதற்கான கிட் ஒன்றை உங்களிடம் வாங்கினேன். 8 ஜிபி ராஸ்பெரி பை 4 போர்டு, 1 டிபி எஸ்எஸ்டி, கேஸ், அடாப்டர் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. போர்டிலும் எஸ்எஸ்டியிலும் குறை இல்லை. குறை அடாப்டரில்தான்.

2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கிலிருந்து (பிளாக் என்பது பரிவர்த்தனைகளின் தொகுப்பு) ஒவ்வொரு டிஜிட்டல் கையெழுத்தையும் என் போர்டே சரிபார்க்கட்டும் என்று, பழைய கையெழுத்துகளைச் சரிபார்க்காமல் தாண்டிவிடும் அஸ்யூம்வேலிட் வசதியை அணைத்துவிட்டுத்தான் தொடங்கினேன். சின்ன போர்டுக்கு அது பெரிய வேலை, பல நாள் ஆகும் என்று தெரியும். ஒன்பதாம் நாள் இரவு எஸ்எஸ்டி தானாகவே இணைப்பு விட்டுப்போனது. பிளாக் ஃபைல்கள் தப்பின. ஆனால் செலவாகாத காயின்களின் கணக்கு இருக்கும் செயின்ஸ்டேட் கெட்டது. மறுபடியும் 2009-லிருந்து சரிபார்க்க விட்டேன். ஆறாம் நாள் அதே கதை.

உங்கள் சேவை மையத்தில் பேசியவர், "கன்னியாகுமரிப் பக்கம் மழை அதிகம், கரண்ட் போயிருக்கும்" என்றார். இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் இங்கே கரண்ட் போகும், உண்மைதான். அதற்காகத்தான் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் போர்டு ஒரு தடவைகூட ரீபூட் ஆகவில்லை என்று போர்டு தானே எழுதிவைக்கும் பதிவான லாக் சொல்கிறது. கரண்ட் போயிருந்தால் போர்டும் சேர்ந்து அணைந்திருக்க வேண்டாமா? அதே லாக்கில் 'அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்' (வோல்டேஜ் குறைவு) என்ற வரி பக்கம் பக்கமாக இருக்கிறது.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். மல்டிமீட்டரை போர்டின் 2, 6 பின்களில் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 4.9 வோல்ட். எஸ்எஸ்டி வேலை செய்யத் தொடங்கியதும் 4.57. 4.63-க்குக் கீழே இறங்கினாலே இந்த போர்டு எச்சரிக்கும். அப்புறம் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். உங்கள் பெட்டியின் மேல் 3 ஆம்பியர் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் 2 ஆம்பியர். படம் இணைத்துள்ளேன்.

நண்பரிடம் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வாங்கிப் போட்டேன். அதே வீடு, அதே கரண்ட், அதே எஸ்எஸ்டி. இன்று பதினோராம் நாள். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

உங்கள் மையம் சொன்ன இன்னொன்று என்னை ரொம்ப வருத்தியது. "முழு பிளாக்செயினையும் ஏற்றிய எஸ்எஸ்டி அனுப்புகிறோம், சரிபார்க்க வேண்டியதே இல்லை" என்றார்கள். நோடு எனக்கு ஒரு காயினும் சம்பாதித்துத் தராது. அதை நான் வைத்திருப்பதே எவர் சொல்லையும் நம்பாமல் நானே கணக்குப் பார்க்கத்தான். நீங்கள் சரிபார்த்து அனுப்பும் கணக்கை வாங்கி நான் என்ன செய்வது? அது வேண்டாம்.

பெட்டியில் சொன்னபடி 3 ஆம்பியர் தரும் அடாப்டரை 15 நாளுக்குள் அனுப்புங்கள். இதே கிட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். தங்கள் ஊர்க் கரண்டைக் குறை சொல்லிக்கொண்டு எத்தனை பேர் மறுபடி மறுபடி தொடங்கிக்கொண்டிருக்கிறார்களோ. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், லாக், மீட்டர் படங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன.

பழைய அடாப்டரைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தக்கலை வாடிக்கையாளர்