கவுன்ட்டரில் பக்கத்தில் நிற்க ஓர் ஆள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரங்களும் புலம்பெயர் தொழிலாளர்களும் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அவர்களைப் பாதுகாக்க நகர நிர்வாகங்கள் போட்ட தீர்மானங்களை விரிவாகச் சொல்லிவிட்டு, அவற்றுக்காக வருடக்கணக்கில் அலைந்த உள்ளூர் அமைப்புகளை ஒரே வரியில் தாண்டிப் போனது மனதை உறுத்தியது.

அப்படியொரு அமைப்பு நடத்தும் உதவி மையத்தில் ஞாயிறுதோறும் உட்காருகிறவள் நான். சில மாதங்களுக்கு முன் கட்டட வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. வேலைக்கு எடுத்ததற்கான கடிதமோ சம்பளச் சீட்டோ கையில் கிடையாது. சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தார். சிமென்ட் படிந்த பக்கங்களில் தேதி, வந்த நேரம், போன நேரம், அன்று எந்த மாடியில் வேலை என்று அவர் மொழியில் வரிவரியாக எழுதியிருந்தார். எங்கள் தோழி இரண்டு ராத்திரி கண்விழித்து அதை மொழிபெயர்த்தாள். புகார் கொடுக்கப் போனால் கவுன்ட்டரில் முதல் கேள்வியே, "விசா இருக்கா?" மனிதர் திரும்பிப் போகவே பார்த்தார். நாங்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றதால்தான் புகார் பதிவானது. பாதிப் பணம் வந்தது. மீதிக்கு இன்னும் நடக்கிறோம்.

உழைத்த கூலியைக் கேட்க விசா எதற்கு? ஆவணம் இல்லை என்று காட்டி ஊதிய உரிமையைப் பறிக்கக் கூடாது என்கிறது 1990இல் ஐ.நா. ஏற்ற புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கையின் 25ஆவது பிரிவு. ஆனால் இவர்கள் பிழைக்கப் போகும் பணக்கார நாடுகள் பெரும்பாலும் அதில் சேரவே இல்லை. அப்புறம் நகரத்தைவிட்டால் யாரிடம் போவது?

நகரமும் தானாக இறங்கி வருவதில்லை. நியூயார்க்கில் 2003இல் மேயர் போட்ட முதல் உத்தரவு, குடியேறியவர்களின் விவரங்களுக்கு இருந்த பழைய பாதுகாப்பைக் குறைத்தது. உரிமை அமைப்புகள் விடாமல் எதிர்த்த பிறகே, குடியேற்ற நிலையைத் துருவக் கூடாது என்று நகர ஊழியர்களுக்கு அதே ஆண்டு புது உத்தரவு வந்தது. ஷெஃபீல்டில் 2005இல் அகதிகளை வரவேற்க உள்ளூர்க்காரர்கள் தொடங்கிய இயக்கத்தால்தான் 2007இல் அது பிரிட்டனின் முதல் 'அடைக்கல நகரம்' ஆனது.

தீர்மானம் வரட்டும், சரி. அதோடு, கூலிப் புகாரில் வரும் பெயரும் முகவரியும் குடியேற்றத் துறைக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி வேண்டும். மொழிபெயர்ப்பவர்களுக்குச் சம்பளம் வேண்டும். எங்களைப் போன்ற மையங்களுக்கு வருடா வருடம் கையேந்த வைக்காத நிதியும் வேண்டும். அடுத்த கட்டுரையில் இவற்றைப் பற்றி எந்த நகர நிர்வாகத்திடமாவது கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு தன்னார்வலர்