கோழியே போதும்

அன்பு மகளுக்கு,

பாட்டில் வந்து சேர்ந்ததாக மாப்பிள்ளை செய்தி அனுப்பியிருந்தார். நீ பேசி மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும்.

அந்த சோதெர்னை, இங்கத்து இனிப்பு வெள்ளை மதுவை, உடனே திறக்க வேண்டும் என்று இல்லை. வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்தால் 20 ஆண்டானாலும் கெடாது. மாப்பிள்ளை மட்டும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு மூடிவைத்தாலும் ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும். ஊற்றும்போது 10 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கட்டும். அதிகமாகச் சில்லிட்டால் மணம் எழும்பாது.

எதனுடன் பரிமாறுவது என்று கேட்டால் இங்கே எல்லோரும் முதலில் ரோக்ஃபோர் சீஸைத்தான் சொல்வார்கள். அதன் உப்பும் காரமும் இந்த இனிப்புடன் அப்படிப் பொருந்தும். ஆனால் அது காய்ச்சாத செம்மறிப் பாலில் செய்வது. இப்போது வீட்டில் யாருக்காவது ஆகாது என்றால் வேண்டாம். வாத்து ஈரலில் செய்யும் ஃப்வா க்ராவும் வேண்டாம். நன்றாக வெந்த கோழியே போதும். அம்மா செய்யும் மிளகுக் கோழிக்கு இதைவிடப் பொருத்தமான மது கிடையாது. சாக்லேட் கேக் மட்டும் வைத்துவிடாதே; பலகாரத்தின் இனிப்பு மதுவை மிஞ்சினால் மது வெறும் புளிப்பாகத் தெரியும். ஆப்ரிகாட் டார்ட் நல்லது, பழத்தின் புளிப்பு ஈடுகொடுக்கும். மறுபடியும் சொல்கிறேன், பச்சைப் பால் சீஸ் வேண்டாம்.

புத்தாண்டு அன்று நான் ஊற்றிய கிளாஸ் அப்படியே இருந்தது. பாத்திரம் கழுவும்போது அம்மா பார்த்தாள். எதையும் கேட்கக்கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் கேட்கவில்லை. போன முறை புதுச்சேரி வரைக்கும் நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அதன்பிறகு ஒவ்வொருவருக்கும் நீ பதில் சொல்லவேண்டி வந்தது.

இந்தக் கிராமத்துப் பள்ளியில் படித்த பெண் லீல் நகரில் பாலம் கட்டுகிறாள் என்று திராட்சைத் தோட்டத்தில் எல்லோரிடமும் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அப்பாவுடன் ஐந்து நிமிடம் பேச முடியவில்லை.

நீ பிறந்த 1992 பற்றி உன்னிடம் நான் சரியாகச் சொன்னதில்லை. மருத்துவமனை வாசலில் காத்திருந்ததாகச் சொல்லியிருக்கிறேன். அது பொய். நான் தோட்டத்தில் இருந்தேன். குளிர்ந்த சிரோன் ஆறு கரோன் ஆற்றில் கலக்கும் இடத்தில் இலையுதிர்காலக் காலையில் பனிமூட்டம் எழும். அதில் திராட்சை மேல் பூஞ்சை பூக்கும். பிற்பகல் வெயிலில் பழம் சுருங்கி, சாறு தேனாகும். வெயில் வராமல் மழை பிடித்துக்கொண்டால் அது வெறும் அழுகல்தான். அந்த அக்டோபரில் மழை. எனக்கு அது முதல் அறுவடை. உன் அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது என்று மேஸ்திரி வந்து சொன்னபோது, இந்த வரிசையை முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். பிறகு இன்னொரு வரிசை. போய்விட்டால் அடுத்த ஆண்டு கூப்பிட மாட்டார்கள் என்று பயந்தேன். அப்போது அம்மாவுக்குப் பிரெஞ்சில் இரண்டு வாக்கியம்கூடத் தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. உன்னைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

பறித்ததில் பெரும்பகுதி எதற்கும் உதவவில்லை. பக்கத்தில் இருக்கும் பேர்பெற்ற மதுத் தோட்டமான ஷாத்தோ திக்கெமே அந்த ஆண்டு தன் பெயரில் ஒரு பாட்டில்கூட வெளியிடவில்லை. அந்த நல்ல பழத்துக்காகத்தான் நான் உங்கள் இருவரையும் விட்டுவிட்டு நின்றேன். அம்மா இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

இங்கே குளிர் கடுமை. கொடிகளைக் கத்தரிக்கிறோம். என் முழங்கால் பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. கனமான பெட்டிகளை மாப்பிள்ளை தூக்கட்டும்.

இந்த ஆண்டு அறுவடைக்கு வர மாட்டேன் என்று பொறுப்பாளரிடம் இப்போதே சொல்லிவிட்டேன். ஜனவரியிலேயே ஏன் சொல்கிறாய் என்று கேட்டார். முழங்கால் என்றேன். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும்வரை எனக்கு எந்த வேலையும் இல்லை.

அப்பா